கடைசி நாள் நடையை இரண்டாக்குங்கள்

ஆகஸ்ட் கடைசியில் சென்னை, செங்கல்பட்டு, புதுச்சேரிப் பக்கமிருந்து வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் கூட்டிப்போகும் குழுத் தலைவர்களான அண்ணன்மார்களுக்கு,

மரியே வாழ்க.

உங்களில் ஒருவருடைய குழுவில் காவி கட்டி நடக்கிறவள் நான். எந்தக் குழு என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஒரு அண்ணன் மட்டும் கோபித்துக்கொள்வார், மற்றவர்கள் ‘நம்மை இல்லை’ என்று இருந்துவிடுவீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நமக்கு முன்னேயும் பின்னேயும் போகும் குழுக்களையும் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன். சப்பரம் வேறு, சட்டை வேறு, பாட்டு வேறு. கடைசி நாள் மட்டும் பெரும்பாலும் ஒரே மாதிரி. தரங்கம்பாடியிலோ பொறையாரிலோ இரவுச் சாப்பாடு, கண் அசந்ததும் விசில், அப்புறம் வேளாங்கண்ணி வரைக்கும் ஒரே மூச்சு.

அந்த ஒரே மூச்சை இரண்டாக்கச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல்.

தூரத்தைப் பாருங்கள். தரங்கம்பாடியிலிருந்து காரைக்கால் சுமார் 15 கிலோமீட்டர். காரைக்காலிலிருந்து நாகப்பட்டினம் சுமார் 20. அங்கிருந்து வேளாங்கண்ணி இன்னும் பத்துக்கு மேல். ஆக மொத்தம் 45 கிலோமீட்டர் பக்கம் வருகிறது. கொடி பிடித்துக்கொண்டு முன்னால் போகும் தம்பி மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடப்பான். பின்னால் வரும் பாட்டிகளும், குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் பெண்களும், ஏற்கெனவே கால் கொப்புளித்துப் போனவர்களும் மணிக்கு மூன்று கிலோமீட்டர் நடந்தால் அதிகம். அவர்களுக்கு இது உட்காராமல் பதினைந்து மணி நேரம். அதுவும் ஒரு வாரத்துக்கு மேல் நடந்து களைத்த காலோடு. மற்ற நாட்களில் 25, 30 என்று போட்டுவிட்டு, கால் மிகவும் கெட்டுப்போயிருக்கும் நாளுக்கு மிக நீளமான நடையை வைத்திருக்கிறீர்கள்.

ஏன் என்று கேட்டால் பெருவிழாக் கொடியேற்றம் என்பீர்கள். ஆகஸ்ட் 29 சாயங்காலம் கொடி ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும். எனக்கும் அதைப் பார்க்க வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பாதிப் பேர் கொடிமரம் பக்கமே போவதில்லை. நிழல் கிடைத்த இடத்தில் துண்டை விரித்துப் படுத்துவிடுகிறார்கள். கூட்டத்தின் சத்தம் கேட்டு ‘ஏறிடுச்சா?’ என்று தூக்கத்திலேயே கேட்கிறார்கள். பேராலயத்திலிருந்து மாதா குளம் வரைக்கும் மணலில் முழங்காலில் போவதாக நேர்ந்துகொண்டு வந்தவர்கள், கால் வைக்கவே முடியாமல் அடுத்த நாள், அதற்கடுத்த நாள் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் செய்யாமலே பஸ் ஏறுகிறார்கள். 28ஆம் தேதி சாயங்காலமே போய்ச் சேர்ந்தால் ஒரு இரவு தூங்கலாம், குளிக்கலாம், கொடியை நின்று பார்க்கலாம்.

என் யோசனை இது. தரங்கம்பாடியில் விடிகாலை நாலு மணிக்குக் கிளம்புவோம். நண்டலாற்றுப் பாலம் தாண்டிக் காரைக்கால் எல்லைக்குள் நுழைந்து, பூவம், கோட்டுச்சேரி வழியாக வெயில் ஏறுமுன் காரைக்கால் டவுன். தேற்றரவு மாதா கோயில் வளாகத்திலோ வேறெங்காவதோ மதியம் வரைக்கும் படுத்துவிட்டு, மூன்றரை மணிக்கு மேல் அரசலாற்றைக் கடந்து திருமலைராயன்பட்டினம். அங்கே இரவு தங்கல். அது சுமார் 21 கிலோமீட்டர். மறுநாள் வாஞ்சூர், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. அது ஒரு 24. இரண்டும் வயசானவர்களாலும் நடக்கக்கூடிய தூரம்.

இதைச் சொன்னதும் உங்களில் பலர் மனதில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். வெளியே சொல்ல மாட்டீர்கள், நானே சொல்கிறேன். காரைக்கால் புதுச்சேரி அரசுக்குக் கீழே இருப்பது, அங்கே சரக்கு விலை குறைவு. எல்லைக்குள் ராத்தங்கினால் பையன்களைப் பிடித்து வைக்க முடியாது, அதனால் இருட்டோடு இருட்டாக எல்லையைத் தாண்டிவிடுவோம் என்பதுதான் கணக்கு. அண்ணே, குடிக்கிறவன் நடந்துகொண்டே வாங்கி இடுப்பில் செருகிக்கொள்கிறான். நாங்களும் பார்த்துக்கொண்டுதான் வருகிறோம். அவனுக்காக அறுபது வயசு அம்மாக்கள் ஏன் 45 கிலோமீட்டர் நடக்க வேண்டும்? அப்படியும் மனசு ஒப்பவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் நடந்து நாகூரில் தங்குங்கள். அது தமிழ்நாடு. முதல் நாள் முப்பதுக்குள் முடியும், மறுநாள் பதினேழு பதினெட்டுதான் மிச்சம். எந்த மதக்காரரும் வந்து தங்கிப் பழகிய ஊர், ராத்திரியிலும் ஆள் நடமாட்டம் இருக்கும் ஊர். பெண்களுக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் இந்த வழியில் இல்லை என்பது என் எண்ணம்.

இன்னொரு தடை நியாயமானது. ஒரு நாள் கூடினால் ஒரு நாள் கூலி போகும். நம்மோடு வருகிறவர்களில் நிறையப் பேர் கட்டட வேலை, மீன் வியாபாரம், வீட்டு வேலை என்று அன்றாடம் சம்பாதிக்கிறவர்கள். அதனால் மொத்த நாளைக் கூட்டச் சொல்லவில்லை. புதுச்சேரியில் துணி துவைக்க, கடை பார்க்க என்று அரை நாள் உட்காருகிறோமே, அந்த அரை நாளைத் தெற்கே தள்ளுங்கள். கடலூரிலும் சிதம்பரத்திலும் மதியம் முடிந்த பிறகு வீணாகும் நேரத்தைச் சேர்த்தால் மீதியும் கிடைத்துவிடும். நீங்கள் உட்கார்ந்து பேசினால் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை.

இப்போது இரவு நடையைப் பற்றி. இருட்டில் நடக்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஆகஸ்ட் மாசத்துத் தார்ச்சாலையில் பதினொரு மணிக்கு வெறுங்காலோடு நடந்து பார்த்தவர்களுக்கு, விடிகாலை நடை எவ்வளவு பெரிய வரம் என்று தெரியும். ஆனால் தூங்கி எழுந்து நடப்பது வேறு, தூங்காமல் நடப்பது வேறு. இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் லாரி ஓட்டுகிறவருக்கும் கண் சொருகுகிற நேரம், நமக்கும் கண் சொருகுகிற நேரம். காவி இருட்டில் தெரியாது. நாம் இடப்பக்கம், வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறோம். சப்பரத்தில் மைக் செட் அலறுகிறது, ஹாரன் அடித்தாலும் கேட்காது. வாஞ்சூர் பக்கம் துறைமுகத்துக்குப் போய்வரும் நிலக்கரி லாரிகள் வேறு.

சப்பரம் சக்கரம் வைத்தது, அதனால் வண்டி போகிற பக்கம் அதுவும் போகட்டும், சரி. அதைத் தள்ள நாலைந்து பேர் போதும். பின்னால் சாமான் வேனை விளக்குப் போட்டு ஓட்டுங்கள். மற்ற எல்லாரும் சாலையின் வலப்பக்க ஓரத்தில், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, இரண்டிரண்டு பேராக நடக்க வேண்டும். வண்டி வருவது கண்ணுக்குத் தெரிந்தால் ஒதுங்க ஒரு விநாடி கிடைக்கும். பின்னாலிருந்து வந்தால் அந்த ஒரு விநாடிகூடக் கிடையாது. பையிலும் சட்டை முதுகிலும் ஒளி பட்டால் மின்னும் பட்டை ஒட்டுங்கள். குழுப் பெயரும் உங்கள் பெயரும் போட்டுச் சட்டை அடிக்கக் காசு இருக்கும்போது, இதற்கும் இருக்கும். இருட்டு விலகும்வரை மைக்கை அணைத்துவிட்டு வாயால் செபமாலை சொல்லுவோம், மாதாவுக்குக் கேட்கும்.

சாமான் வேன் என்றதும் ஞாபகம் வருகிறது. அது எப்போதும் முன்னால் போய் அடுத்த இடத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறது. நடக்க முடியாமல் போகிறவர் எப்போதும் பின்னால் இருக்கிறார். கடைசி நாளில் ஒரு ஆட்டோவையாவது பின்னால் விடுங்கள். ஏறினால் நேர்ச்சை முறிந்துவிடும் என்று கொப்புளத்தை மறைத்துக்கொண்டு நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்தில் விட்டு நீரை வடித்துக்கொள்கிறார்கள், அதே ஊசி நாலு பேருக்குக் கைமாறுகிறது. சர்க்கரை உள்ளவர்கள் நிலைமை இன்னும் மோசம். காலில் உணர்ச்சி குறைந்து போனவருக்குக் கண்ணாடிச் சில்லு ஏறினாலும் தெரியாது, ஊருக்குப் போன பிறகு புண் ஆறாமல் விரலையே எடுக்க வேண்டி வரும். ‘சர்க்கரை இருக்கிறவங்க செருப்பு போட்டுத்தான் நடக்கணும், முடியாதவங்க வண்டியில ஏறலாம், மாதா கோவிச்சுக்க மாட்டாங்க’ என்று நீங்கள் மைக்கில் சொன்னால் போதும். எங்கள் வீட்டு டாக்டர் சொன்னால் கேட்காதவர்கள் நீங்கள் சொன்னால் கேட்பார்கள். அந்த அதிகாரம் உங்களிடம் இருக்கிறது, அதை விசில் ஊதுவதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டாம்.

அடுத்து ஒரு விஷயம், ஆண்கள் கூச்சப்படாமல் படியுங்கள். இந்த நீள நடையில் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. வழியில் தண்ணீர்ப் பந்தலும் மோரும் தாராளமாகக் கிடைத்தும் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க இடமில்லை. நீங்கள் சாலையோரம் திரும்பி நின்றுவிடுகிறீர்கள். எங்களுக்கு ஒரு பெட்ரோல் பங்க் வர வேண்டும், அது திறந்திருக்க வேண்டும், அதன் கழிவறைச் சாவியை அங்கே இருக்கிற பையன் தர வேண்டும், அதற்குள் குழு ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும், பிறகு ஓட வேண்டும். மாதவிடாய் நாளாக இருந்தால் சொல்லவே வேண்டாம். அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலோடு வேளாங்கண்ணியில் இறங்கும் பெண்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள். தலை சுற்றி விழுந்தால் ‘வெயில்’ என்கிறீர்கள். நடையை இரண்டாக்கி, காரைக்காலிலும் இரவு தங்கும் ஊரிலும் கழிவறை உள்ள மண்டபமாகப் பார்த்துவிட்டால் இதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இடையில் எந்தெந்த இடத்தில் நிற்போம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் நாங்களும் தண்ணீர் குடிப்போம்.

புதிதாக நான்கு வழிச் சாலை வந்திருக்கிறது, அதில் போனால் சுற்று குறையும் என்று சில குழுக்கள் பேசிக்கொள்வதும் காதில் விழுகிறது. தயவுசெய்து வேண்டாம். அந்தச் சாலை வண்டிகளுக்காக ஊர்களைத் தள்ளிப் புறவழியாகப் போகிறது. ஊர் இல்லை என்றால் குழாய் இல்லை, டீக்கடை இல்லை, மரம் இல்லை, விழுந்தால் தூக்க ஆளும் இல்லை. வண்டியின் வேகம் மட்டும் கூடியிருக்கும். பழைய சாலை வளைந்தால் வளைந்துவிட்டுப் போகட்டும்.

அதுவும் இந்தக் கடைசித் துண்டுப் பாதை இருக்கிறதே, முழு வழியிலும் இதைப் போல ஒன்று கிடையாது. இதைத்தான் நாம் தூக்கக் கலக்கத்தில் கடந்து போகிறோம். தரங்கம்பாடியில் டென்மார்க்காரர்கள் 1620இல் கட்ட ஆரம்பித்த கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1706இல் லுத்தரன் சபைப் போதகர் சீகன்பால்கு வந்து இறங்கியதும், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்ததும் அங்கேதான். நம் சபை இல்லாவிட்டால் என்ன, நாம் வீட்டில் தமிழில் பைபிள் வாசிக்கிறோம் இல்லையா? அங்கே மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன் கூட்டிப்போய்க் காட்டினால் பிள்ளைகள் பார்ப்பார்கள். காரைக்காலில் பாரதியார் வீதியிலேயே அம்மையார் கோயில் இருக்கிறது. கயிலை மலையைக் காலால் மிதிக்க மாட்டேன் என்று தலையால் நடந்து போனவர் அவர். நடைப்பயணம் போகிற பெண்கள் அவருடைய வாசலைத் தூக்கத்தில் தாண்டிப் போவது எனக்கு என்னவோ மரியாதைக் குறைவாகப் படுகிறது. திருமலைராயன்பட்டினம், காளமேகப் புலவர் எமகண்டம் என்ற உயிர்ப் பணயப் போட்டியில் பாடி, பிறகு மண்மாரி பொழியட்டும் என்று சபித்ததாகச் சொல்லும் ஊர். மதிய வெயிலில் லாரி கிளப்பும் புழுதியில் நடந்தால் சாபம் இன்னும் தீரவில்லை என்றுதான் தோன்றும்! நாகூர் தர்காவின் பெரிய மினாராவைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டினார், 131 அடி. பகலில் நடந்தால் அது தூரத்திலிருந்தே தெரிய ஆரம்பிக்கும். சோர்ந்த காலுக்கு அப்படி ஒரு அடையாளம் எவ்வளவு தெம்பு என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி வரைக்கும் உள்ள அந்தக் கடைசி வழியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வேளாங்கண்ணியின் கதையே அந்த வழியின் கதைதான். பால்காரப் பையன் நாகப்பட்டினத்தில் இருந்த எசமானுக்குப் பால் கொண்டுபோகும் வழியில் குளத்தங்கரையில் மாதாவைப் பார்த்தான். இரண்டாவது கதையில் கால் ஊனமுற்ற பையன் நடுத்திட்டு என்ற இடத்தில் உட்கார்ந்து மோர் விற்றுக்கொண்டிருந்தான். அந்த அம்மா தன் குழந்தைக்கு மோர் வாங்கிக் கொடுத்தாள். நாகப்பட்டினத்தில் இருக்கும் கத்தோலிக்கப் பணக்காரரிடம் போய், எனக்கு இங்கே ஒரு கோயில் கட்டச் சொல் என்றாள். அவன் எழுந்து நடந்தான், ஓடினான். மூன்றாவது கதையில்தான் புயலில் தப்பிக் கரையேறிய போர்ச்சுகீசிய மாலுமிகள் வருகிறார்கள், அவர்கள் கரை சேர்ந்த செப்டம்பர் 8தான் நமக்குப் பெருவிழா. ஆக, இந்த வழியில் மாதாவுக்காக நடந்த ஆளைத் தேடினால் கிடைப்பது ஒரு நொண்டிப் பையன். வலுவானவனைப் பார்த்து மாதா ஆள் அனுப்பவில்லை. நாம் மட்டும் கொடி பிடிக்கும் தம்பியின் காலை வைத்துக்கொண்டு தூரம் போடுகிறோம்.

அதே வழிக்குக் கிழக்கே அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம். 2004 டிசம்பர் 26 காலையில் அந்தக் குப்பங்களும் வேளாங்கண்ணிக் கடற்கரையும் என்ன ஆயின என்று நம் வயசுக்காரர்களுக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, வந்திருந்த யாத்திரிகர்களும் நிறையப் பேர் போனார்கள். நம் குழுவில் இப்போது நடக்கும் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். பாப்பாகோவில் தாண்டும்போது சப்பரத்தை நிறுத்தி, கிழக்கே திரும்பி நின்று, இறந்தவர்களுக்காகச் செபமாலையில் ஒரு பத்துமணி சொல்லிவிட்டுப் போகலாம். பகலில் போனால், அவசரமில்லாமல் போனால், அதற்கு ஐந்து நிமிஷம் இருக்கும்.

ஜூலை நடுவில் நோட்டீஸ் அச்சுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன் உங்கள் குழுவில் பெண்கள் இரண்டு பேரையாவது கூப்பிட்டு, கடைசி நடைக்கான வரியை அவர்கள் முன்னால் எழுதுங்கள். திருமலைராயன்பட்டினத்திலோ நாகூரிலோ மண்டபம் பார்க்க நேரமில்லை என்றால் நாங்கள் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பது முதற்கொண்டு பார்த்துவிடுவோம். முன்பணத்தை மட்டும் நீங்கள் கட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பின்வரிசையில் நடக்கும் ஒரு தங்கை